எங்கள் அப்பா தேர்ந்தெடுத்த வேட்டை

சாப்பாட்டு மேசையின் மேல் அப்பா ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த வேட்டைப் புத்தகத்தை விரித்து வைத்தார். மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு பக்கத்தில் உப்புக் கிண்ணம், மறுபக்கத்தில் தன் கண்ணாடிக் கூடு. வழவழப்பான தாளில் காது விரித்த யானை ஒன்று எங்கள் மீன்குழம்புச் சட்டியை முறைத்துக்கொண்டு நின்றது.

“எலே, ரெண்டு பேரும் இஞ்ச வாங்க. எதச் சுடலாம்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

மத்தியானம் கழிந்த நேரம். ரோட்டில் பாறசாலைப் பக்கமிருந்து ஒரு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. தமிழ்த் தாலுகாக்களை மலையாளப் பகுதியிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோஷம் முதலில் மெதுவாகவும் பிறகு ஜன்னல் கம்பி அதிரவும் கேட்டது. அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

என் அண்ணன் ஜெபராஜ் அப்போதுதான் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்திருந்தான். அவனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினான்கு. அவன் விரல்களில் மைதாப் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. சுவரொட்டி ஒட்டிவிட்டு வந்த கை. அப்பா அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி பக்கத்தைப் புரட்டினார்.

புத்தகத்தில் மூன்று விதமான வேட்டை இருந்தது. முதலாவது யானை. அதற்கான லைசென்சுக்கு எங்கள் தென்னை விளைகளில் பாதியை விற்க வேண்டும். இரண்டாவது சிங்கம். செத்த மிருகத்தை மரத்தில் கட்டிவிட்டு மறைவில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அது கள்ளன் வேலை என்று அப்பா ஒதுக்கினார். மூன்றாவது காட்டெருமையும் மானும். அதன் கீழே, வளர்ந்த பையன்களை உடன் அழைத்து வரும் தகப்பன்மாருக்கு இது ஏற்றது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வெட்டிய மரத்தில் குறி போட வைத்திருந்த சிவப்புப் பென்சிலால் அப்பா அதற்குக் கோடிட்டிருந்தார். ஆக, எங்களைக் கேட்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

“பிள்ளியள கொண்டுபோய் காட்டெருமைக்க முன்னால நிறுத்தப் போறீளாக்கும்?” என்று அம்மா கேட்டாள்.

“இஞ்ச நின்னா போலீசுக்க முன்னால நிப்பான். அதுக்கு எருமை எவ்வளவோ கொள்ளாம்” என்றார் அப்பா.

துரையின் அன்பு

மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் இந்தத் தொடரைப் படிப்பவர்கள், ‘நெய்யாற்றின்கரைக்காரனுக்கு ஆப்பிரிக்கா எப்படி வாய்த்தது, கொஞ்சம் அளந்துவிடுகிறீர்களோ?’ என்று கேட்கக்கூடும். கேளுங்கள். உண்மைதான் அப்படி அசட்டுத்தனமாக இருந்தது.

அப்பா தடிக் காண்டிராக்டர், அதாவது மர வியாபாரி. ஆரியங்கோட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டம் இருந்தது. அங்கே புகைக்கூடம் கட்டவும் கூலி லைன் வீடுகள் கட்டவும் மரம் கொடுத்தது அப்பாதான். இரண்டு பேரும் சேர்ந்து மலையில் பன்றியும் மிளா மானும் சுட்டிருக்கிறார்கள். துரை சுட்டால் அப்பா தூக்கி வருவார். அப்பா சுட்டால் துரை அதன் மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். அப்பா இதை நட்பு என்றே கடைசிவரை நம்பினார்.

நாடு விடுதலை ஆனதும் துரைக்கு இங்கே காற்று ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தை விற்றுவிட்டு டாங்கனீகாவுக்குப் போய் நார்க் கற்றாழை போட்டார். கூடவே, வரும் விருந்தாளிகளை வேட்டைக்கு அழைத்துப்போகும் தொழிலும் தொடங்கினார். அவருக்கு அங்கே காட்டு மரத்தைப் பார்த்து ரகம் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. வா, மரம் பார், பையன்களையும் கூட்டி வா, வேட்டைச் செலவில் பாதி போதும் என்று புத்தகத்தோடு எழுதியிருந்தார்.

துரையின் அன்பில் எப்போதும் ஒரு வேலை ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரிந்தும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

நடுவில் கிடந்தவர்கள்

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் வேதக்கோயிலில் தமிழில் பாடினோம், கோர்ட்டில் மலையாளத்தில் வழக்காடினோம், சந்தையில் எது முந்துகிறதோ அதில் சண்டை போட்டோம். இப்படிப்பட்டவர்களை ஒரு கோடு போட்டுப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது ஊரே இரண்டுபட்டது. தெற்கே உள்ள தாலுகாக்களில் கொதித்தது என்றால், எங்கள் தாலுகாவில் புகைந்தது. வடக்கு ஓரத்தில் இருப்பவர்கள் நாங்கள். பேரம் என்று வந்தால் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது நாங்கள்தான் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும்.

“நெய்யாற்றின்கரை கிடைக்காதுலே. கிடைக்காததுக்கு எதுக்கு மண்டைய உடைக்கணும்?” என்பார் அப்பா.

அப்பா சொன்னதுதான் நடந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். தப்பாகச் சொல்லியிருந்தால் அவரை மன்னித்திருப்பேன்.

அண்ணனுக்குக் கிடைக்கும் கிடைக்காது என்ற கணக்கே இல்லை. அவனும் செல்லையனும் போனார்கள், அவ்வளவுதான். செல்லையன் எங்கள் சபை உபதேசியாரின் மகன். அண்ணனுக்கு ஒத்த வயது, ஒரே வகுப்பு. அமரவிளையிலிருந்து களியக்காவிளை வரை ரோட்டோரச் சுவர்களில் எல்லாம் அவர்கள் கைப்பசை உண்டு. அப்படியிருக்கும்போதுதான் தெற்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. எங்கள் சபை ஆராதனைக்கு வரும் ஒருவரின் மருமகன் அதில் செத்துப்போனான். அடுத்து ஒரு பெரிய ஊர்வலம் தெற்கே போகப்போகிறது என்றும், அதில் ஜெபராஜும் செல்லையனும் முன்வரிசை என்றும் அப்பாவின் காதுக்கு வந்தது.

அம்மா, நாகர்கோவிலில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பலாம் என்றாள். தீயணைக்க எண்ணெய்க் கடைக்கா அனுப்புவது என்றார் அப்பா. பிறகுதான் துரையின் புத்தகம் மேசைக்கு வந்தது.

காளையா, கிடாரியா

அண்ணன் முறைப்பான், கத்துவான், வீட்டை விட்டு ஓடுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையருகே நின்றான். காட்டெருமைப் படத்தைக் குனிந்து பார்த்தான். நெற்றி முழுவதும் மூடி, இரண்டு பக்கமும் இறங்கி, பிறகு மேலே வளைந்த கொம்பு.

“இது காளையா, கிடாரியா அப்பா?”

“ரெண்டுக்கும் கொம்பு உண்டு. நெத்தியில இப்பிடிக் கட்டியா இருந்தா காளையாக்கும்.”

“என்ன துப்பாக்கி வேணும்?”

அப்பா தன் முகத்தில் சிரிப்பு வந்துவிடாமல் கண்ணாடியைத் துடைத்தார். தோட்டாவின் கனம், தோளில் உதைக்கும் உதை, எருமை அடிபட்டால் சுற்றி வந்து பின்னால் நிற்கும் குணம், எல்லாவற்றையும் சொன்னார். ரோட்டில் ஊர்வலம் கடந்துபோனதை அண்ணன் கவனிக்கவில்லை. அவன் கவனிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மறுநாள் அண்ணன் செல்லையனிடம் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். கோயில் கிணற்றடியில் அவன் வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

“ஆப்பிரிக்காவுக்கா?” என்றான்.

“வந்ததும் கூட நிப்பேன் மக்கா. சத்தியம்” என்றான் அண்ணன்.

“போயிட்டு வா. நீ வாறதுவரைக்கும் போராட்டம் இஞ்சதான் கெடக்கும். எங்க போவப் போவுது?” என்று சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டான்.

பம்பாயில் கப்பல் ஏறினோம். கடலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் பாதி வழி வாந்தி எடுத்தேன், மீதி வழி தூங்கினேன்.

துரையின் முகாமில் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்குக் கூடாரத்துக்குள் மேசை. எங்கள் மூவருக்கும் ஒரு முள்மரத்தடியில் தனி மேசை. “இஞ்சதான் காத்து நல்லா வருது” என்றார் அப்பா. ஒவ்வொரு வேளையும் அதையே சொன்னார். காற்று ஒன்றும் வரவில்லை, ஈ வந்தது.

ஒரு நாள் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். சொந்தக் காட்டில் ஒரு மானை அம்பெய்து கொன்று வீட்டுக்கு எடுத்துப் போனாராம். லைசென்சு இல்லை. அவர் எங்கள் மரத்தடியில்தான் வெகுநேரம் குந்தியிருந்தார். அண்ணன் தன் தட்டிலிருந்த இறைச்சியை அவரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. அப்பா அண்ணனின் கையைப் பிடித்து இறக்கினார்.

நியாயமாகப் பார்த்தால் அன்றோடு அண்ணனுக்கு வேட்டை கசந்திருக்க வேண்டும். கசக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு நாணல் காட்டின் ஓரத்தில் அவன் காட்டெருமையைச் சுட்டான். அது திரும்பி வந்தது. மறுபடி சுட்டான். துரையும் பின்னாலிருந்து சுட்டார் என்றுதான் எனக்கு நினைவு. அப்பா அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அது விழுந்த பிறகு அண்ணன் ஆடினான். எங்கள் வீட்டில் யாரும் ஆடுகிறவர்கள் இல்லை. வேதமும் ஜெபமுமாக இருந்த வீடு. முகமெல்லாம் செம்புழுதி, பல்லில்கூடப் புழுதி, துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினான். அப்பாவைக் கட்டிப்பிடித்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

உபதேசியாரின் ஏலம்

பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அம்மா வந்திருந்தாள். எங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறிய பிறகுதான் சொன்னாள். தெற்கே போன ஊர்வலத்தில் செல்லையனைப் போலீஸ்காரர்கள் அடித்துவிட்டார்கள். விழுந்தவனின் முழங்கால் மேலேயே அடி. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இனி அந்தக் கால் மடங்காது.

அண்ணன் பெட்டியைக்கூட இறக்காமல் உபதேசியார் வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தவனிடம் அப்பா, “எப்பிடி இருக்கான்?” என்றார். அன்றிலிருந்து அப்பா கேட்ட எதற்கும் அவன் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டான், குளித்தான், தூங்கினான். அப்பா இருக்கும் அறையில் மட்டும் நிற்கமாட்டான்.

அப்பாவுக்கு மகனும் வேண்டும், ஊரும் வேண்டும். தன் மகனை மட்டும் தப்பவைத்தவர் என்று சபையில் அவர் பக்கத்து இடம் காலியாக இருக்கத் தொடங்கியிருந்தது. இரண்டையும் ஒரே அடியில் சரிக்கட்ட அவர் கண்ட வழிதான் அறுப்பின் பண்டிகை.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அன்றைக்கு அவரவர் விளைந்ததைக் கொண்டுவந்து கோயிலுக்குப் படைப்பார்கள். வாழைக்குலை, சேனை, பலாச்சக்கை, கோழி, கைமுறுக்கு. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அது வியாபாரம் இல்லை, மரியாதை. என் சேனையை நீங்கள் ஏற்றிக் கேட்பீர்கள், உங்கள் கோழியை நான் ஏற்றிக் கேட்பேன். ஒரு பிடி முருங்கைக் கீரைகூடக் கேட்பாரில்லாமல் கிடந்ததில்லை. கொடுத்த வீட்டார் மட்டும் தங்கள் பொருளைக் கேட்கக் கூடாது. கேட்பது அசிங்கம்.

அப்பா கப்பலில் வந்த காட்டெருமைக் கொம்பை ஆஞ்சிலிப் பலகையில் பதித்து, தேங்காயெண்ணெய் போட்டு மினுக்கி, பட்டுத் துணி போர்த்திக் கொண்டுவந்தார். அண்ணனைக் கேட்கவில்லை. ஏலம் போடுகிறவர் உபதேசியார். வருடாவருடம் அவர்தான் போடுவார். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. எங்கள் அப்பாவைப் பற்றி இதைவிடக் கடுமையாக எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

துணியை விலக்கியதும் பிள்ளைகள் ‘ஆ’ என்றார்கள். பெரியவர்கள் உபதேசியாரைப் பார்த்தார்கள்.

“ஆப்பிரிக்காவில எனக்க மூத்த மகன் சுட்டதாக்கும். கர்த்தருக்குக் காணிக்கை” என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி.

சுட்டது என்ற சொல் அந்த வருடம் எங்கள் பக்கத்தில் யாரும் பெருமையாகச் சொல்லக்கூடிய சொல் இல்லை.

உபதேசியார் வெள்ளை ஜிப்பாவின் கையைச் சரிசெய்தார். மற்ற பொருள்களுக்குச் சொன்ன அதே குரலில்தான் தொடங்கினார். “கர்த்தருடைய நாமத்தில ஒரு காட்டெருமைக் கொம்பு. கேக்குறவங்க கேக்கலாம்.”

யாரும் கேட்கவில்லை. அந்த மனுஷன் முன்னால் நின்று யார் கேட்பார்கள்? ஒருவர் குடையை விரித்து மடக்கினார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். உபதேசியார் மறுபடி சொன்னார். அப்பா புன்னகையோடு நின்றார். முகத்தில் ஒட்டவைத்த மாதிரி அந்தப் புன்னகை அங்கேயே இருந்தது. அண்ணன் மதிலோரம் தலைகுனிந்து நின்றான்.

“அப்போ காண்டிராக்டரே...” என்று உபதேசியார் தயங்கினார். எடுத்துக்கொண்டு போங்கள் என்பதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஒரு ரூவா.”

பின்னாலிருந்து வந்த குரல். செல்லையன். அக்குளில் கட்டையை ஊன்றி, மடங்காத காலை முன்னால் நீட்டிக்கொண்டு, வேப்பமரத்தில் சாய்ந்து நின்றான்.

உபதேசியார் மகனைப் பார்த்தார். பிறகு வேகமாக ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று சொல்லி முடித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அடுத்த வாழைக்குலையை எடுத்தார்.

செல்லையனால் அதைத் தூக்க முடியாது. அண்ணன் போய்த் தூக்கினான். இரண்டு பேரும் கோயில் வாசலைத் தாண்டி, வயல் வரப்பில், ஒருவன் கொம்பைச் சுமந்தும் ஒருவன் கட்டையை ஊன்றியும் போனதைச் சபை முழுவதும் நின்று பார்த்தது. என்ன பெரிய மனசு என்று அன்றைக்குப் பேசாதவர் இல்லை. எங்கள் அப்பாவின் மானத்தை அந்தப் பையன் காப்பாற்றிவிட்டான் என்றார்கள். தன் அப்பனின் சங்கடத்தைத் தீர்த்தான் என்றார்கள். சிநேகிதனை மன்னித்துவிட்டான் என்றார்கள்.

இந்த மன்னிப்புத்தான் அண்ணனைத் தின்றது. அந்த மாதமே தெற்கே குழித்துறைக்குப் போனான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து படித்து, அங்கேயே வாத்தியாரும் ஆனான். அம்மாவின் அடக்கத்துக்கு ஒருமுறை வந்ததைத் தவிர எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

பிறகு கோடு போட்டார்கள். தெற்கே உள்ள தாலுகாக்கள் சென்னைப் பக்கம் போயின, நாங்கள் மலையாளப் பக்கமே கிடந்தோம். செல்லையன் காலைக் கொடுத்துக் கேட்ட ராஜ்யத்தில், ஒரு கீறலும் படாத என் அண்ணன் குடியிருந்தான். செல்லையன் இங்கேயே திருப்புறத்தில் தையல் கடை போட்டு, ஒற்றைக் காலால் மிஷின் மிதித்தான். அவன் பிள்ளைகள் மலையாளம் படித்தார்கள்.

அப்பா சாகும்வரை, “எனக்க ரெண்டு பிள்ளையும் முழுசா இருக்குல்லா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்க அவர் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

திருப்புறத்தில் ஒரு மாலை

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அண்ணன் எல்லை தாண்டி வந்து செல்லையன் வீட்டில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கொம்பு மாட்டிய சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவானாம். ஒன்றும் பேசமாட்டானாம்.

போன இடவப்பாதி மழையில், ஜூன் மாதம், அண்ணன் இறந்துபோனான். மழை விட்ட பிறகு ஒரு நாள் பூவாருக்குப் போகிற வழியில் நான் செல்லையனைப் பார்க்க இறங்கினேன். கொம்பில் ஒரு பேரப்பிள்ளையின் மழைக்கோட்டு தொங்கியது. கட்டன்சாயா வந்தது. வயதாகிவிட்டால் கேட்கத் துணிச்சல் வந்துவிடுகிறது.

“அன்னைக்கு எங்க அப்பாக்க மானம் போவாம இருக்கத்தான அந்தக் கொம்ப லேலம் கேட்ட?” என்றேன்.

“உங்க அப்பாக்க மானமா?” செல்லையன் சிரித்தான். “சவத்த விடு. எனக்கு அது வேணும்னு தோணிச்சு, கேட்டேன். கோயில் பெட்டியில போடக் கையில வச்சிருந்தது அந்த ஒரு ரூவாதான். வேற யாராவது ஏத்திக் கேட்டிருந்தா போயிருக்கும்.”

“அதுக்காவத்தானா?”

“பின்ன? அப்பிடி ஒரு கொம்பு நீ எங்க பாத்திருக்க? ஜெபராஜு கதை கதையா சொல்லுவான்னு நெனச்சேன். கொண்டுவந்து வச்சிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமப் போனான். வருசா வருசம் வந்து, வாயத் தொறக்காம இருந்துட்டுப் போனான். கேட்டா அழுவான். பிறகு நான் கேக்கல்ல.”

நான் சாயாவைக் குடிக்காமல் வைத்திருந்தேன்.

“அது உனக்குக் கஷ்டமா இல்லையா? நீ இஞ்ச அடி வாங்கிட்டுக் கெடக்க, அவன் அங்க வேட்டையில...”

“எனக்கும் பதினேழு வயசாக்கும் அப்போ” என்றான் செல்லையன். “உங்க அப்பா என்னையும் வாலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போராட்டக் கொடிய மதில்ல சாத்தி வச்சிட்டு உங்க கூடக் கப்பல் ஏறியிருப்பேன் மக்கா.”